நத்தைக்கு ஓர் இடம்

என் கால் சுட்டபோதுதான் லொறியின் தரைப்பலகையைக் கிளப்பிப் பார்த்தேன். பலகையின் அடிப்பக்கம் கரியாகியிருந்தது. விரலால் தொட்டேன், அப்பத்தின் கருகிய ஓரம்போல உதிர்ந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி டீசல் குழாய் ஓடியது.

அறுபதுகளின் கடைசி அது. அக்கராயனில் எங்களுக்கு வயல் இருந்தது. அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, ஒரு லொறி. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அதன் சாரதி. நெல்லும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்கும் துணுக்காய்க்கும் ஓடுவேன். பழைய எஞ்சின் செத்தபோது, குளம் கட்டும் இடத்தில் கவிழ்ந்து கிடந்த மண் அள்ளும் இயந்திரம் ஒன்றின் டீசல் எஞ்சினை அத்தான் எடுத்துவந்து பூட்டுவித்தார். அதில், எங்கள் பக்கத்து லொறி எதிலும் இல்லாத ஒரு சாமான் இருந்தது. டர்போ என்றார்கள். சுருண்ட இரும்பு ஓடு. அதனால் எங்கள் வாயில் அது நத்தை. எஞ்சின் கக்கும் புகை அதற்குள் ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் எஞ்சினுக்குள் காற்றை அடித்துத் தள்ளும். மூட்டை நிரம்ப ஏற்றியும் லொறி மணலில் முக்காமல் போனது அந்த நத்தையால்தான். ஆனால் அது இருந்த இடம் என் காலுக்கு நேர் கீழே. பாரம் இழுத்து வந்து நிறுத்தினால், பொழுதுபடும் நேரத்தில் அது தணல்போலச் சிவந்து தெரியும்.

கரியைக் காண்பதற்கு முன்பே நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். வைகாசிப் பொங்கலுக்கு ஊர்ப் பெண்களையும் பிள்ளைகளையும் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு லொறியில் கூட்டிப் போவதாக. என் மனைவிக்கு அங்கே ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. தவழத் தொடங்கியிருந்த எங்கள் மகளையும் கொண்டுவருவாள். அந்தப் பலகையைக் கண்டதிலிருந்து கண்ணை மூடினால் லொறி எரிந்தது.

வவுனியாவில் கராச் வைத்திருந்த ஒரு மெக்கானிக்கிடம் போனேன். முஸ்லிம், என் வயதுக்காரன். அவனைப்போல வாய்க்காரனை நான் கண்டதில்லை. கொழும்பில் ஒருவனுக்கும் தெரியாத எஞ்சின் தனக்குத் தெரியும் என்பான். அதைச் சொல்லிக்கொண்டே வேலையையும் முடித்துவிடுவான். அதனால் யாரும் கோபிப்பதில்லை.

"நத்தையைக் கழற்றி எறிஞ்சுவிடு, மச்சான்," என்றேன்.

"கழற்றினா எஞ்சின் கறுப்புப் புகையாக் கக்கும், இழுவையும் போயிடும். எறியத் தேவையில்லை. வீடு மாத்துவம்."

"எந்த இடத்துக்கு?"

"அதுக்குத்தானே நீ இருக்கிறாய். உன்னை மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளி வவுனியா முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான். நான் இடத்தைக் காட்டுறன், நீ பயத்தைச் சொல்லு."

பகிடி என்றுதான் நினைத்தேன். அடுத்த முறை போனபோது குளத்துக் களிமண்ணைப் பிசைந்து, அதே அளவில் ஒரு நத்தை செய்து காயவைத்திருந்தான். குழாய்களுக்குப் பதிலாகப் பிரம்பு. மண் நத்தையைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அங்கிருந்து எஞ்சினுக்குப் பிரம்பை வளைத்துப் பார்ப்பான். பிரம்பு எங்காவது வெடித்தால், "குழாயும் இந்த இடத்திலதான் முறியும்" என்று சோக்கட்டியால் ஒரு புள்ளி வைப்பான். உண்மையான இரும்பில் இன்னும் ஒரு வெட்டும் விழவில்லை.

முதலில் சாரதி ஆசனத்துக்குப் பின்னால், பெட்டிக்கு முன்னால் தொங்கவிட்டான்.

"அதில வைக்கோல் முட்டும். பொங்கலுக்குப் போகேக்க சின்னனுகள் அதைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்குங்கள்."

"சரி, கழற்றுறன்."

அடுத்து, லொறிச் சட்டத்துக்கு அடியில். அந்த இடம் அவனுக்குப் பிடித்துவிட்டது. யார் கையும் படாது, வைக்கோலும் படாது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு கடைக்குத் தேத்தண்ணிக்குச் சொல்லியனுப்பினான். நான் லொறிக்கடியில் மல்லாந்து கிடந்தேன். மனம் அடங்கவில்லை.

"மாரியில ஆத்துத் தண்ணி பட்டா, சூட்டில இருக்கிற இரும்பு வெடிக்காதோ?"

"தகரம் அடிச்சு மறைக்கிறன்."

"ஒயில்?"

"என்ன ஒயில்?"

நத்தையின் அச்சுக்கு எஞ்சினிலிருந்து ஒயில் போய்வரும். அந்தக் குழாய்களை நான் எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன். போகும்போது பம்ப் தள்ளும். திரும்பி வரும்போது தள்ள ஆளில்லை. பள்ளம் பார்த்துத் தானாக எஞ்சினின் அடித்தொட்டிக்கு இறங்கவேண்டும். மண் நத்தை தொங்கிய இடமோ அந்தத் தொட்டியைவிடத் தாழ்வு.

"வாய்க்காலைவிட உயரத்தில வயல் இருந்தா தண்ணி ஏறுமோ, மச்சான்? இந்த ஒயில் எப்பிடி ஏறும்?"

அவன் குனிந்து வந்து என் பக்கத்தில் படுத்தான். பிரம்பைப் பிடித்துப் பார்த்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான். கம்பியை வெட்டினான். மண் நத்தை விழுந்து இரண்டாகியது.

"ஒயில் தேங்கி, புகையோட சேர்ந்து எரிஞ்சு, கோயிலுக்குப் போக முதலே நீ கற்பூரம் கொளுத்தியிருப்பாய்!" என்றவன், கராச்சில் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினான்: "எடேய், எல்லாரும் கேளுங்கோ! இந்தப் பயந்தாங்கொள்ளி என்ர மானத்தைக் காப்பாத்திப்போட்டான்!"

அவனிடம் நான் இன்றைக்கும் வியப்பது இதைத்தான். அவ்வளவு பெருமை பேசுகிறவன், பிழை என்று கண்டதும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நானாக இருந்தால் ஒரு கிழமை அதையே நினைத்துப் புழுங்கியிருப்பேன். அவன் அடுத்த நத்தைக்கு மண் பிசையப் போய்விட்டான்.

கடைசியில் இடம் கிடைத்தது. எஞ்சினுக்கு முன்புறம், இடப்பக்கம், சக்கரத்தை மூடும் மட்காட்டுக்கு உள்ளே, தொட்டியைவிட நல்ல உயரத்தில். டீசல் குழாய் வலப்பக்கம். புகைக்குழாய் சுடுமே என்றேன். கல்நார்க் கயிறு சுற்றுவதாகச் சொன்னான். கயிறு அவிழ்ந்தால்? காற்று ஓட இடம் விட்டு ஒரு தகரத் தடுப்பு. குலுக்கத்தில் குழாய் முறிந்தால்? எஞ்சினோடு சேர்ந்தே ஆடுகிற மாதிரி எஞ்சினிலேயே ஒரு தாங்கி.

"இன்னும் இருக்கோ?"

"எஞ்சினை மூடுற பொனற் சூடேறினா?"

"அதிலயும் காத்துப் போகக் கண் வெட்டுறன். முடிஞ்சுதோ, இல்லாட்டி வீட்டில போய் யோசிச்சுக்கொண்டு வாறியோ?"

பிறகுதான் இரும்பை வெட்டினான். குழாய்த் துண்டுகள் பிரம்பு வளைந்த வளைவிலேயே வந்து பொருந்தின. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். படம் வரைந்து செய்தாலும் அப்படி வந்திருக்காது.

அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அது அவனுக்குத் தெரிந்திருந்தது. காட்டில் தேன் எடுப்பவர்களிடம் வாங்கிய மெழுகை உருட்டி, என் தரைப்பலகையின் கீழே டீசல் குழாயில் வைத்துக் கட்டைவிரலால் அமத்தினான்.

"இது என்ர கை அடையாளம். உருகினா இறங்கி நட. உருகாட்டி வாயை மூடிக்கொண்டு ஓட்டு."

பொங்கலன்று லொறி நிரம்பியது. மனைவி மகளை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். மாங்குளத்தில் நிறுத்திப் பலகையைக் கிளப்பிப் பார்த்தேன். ஒட்டுசுட்டானிலும் பார்த்தேன். முள்ளியவளை தாண்டி, லொறி மணலில் கனமாக இழுத்ததும் மறுபடி நிறுத்தினேன்.

பின்னாலிருந்து அயல்வீட்டு மாமி சத்தம் போட்டார்: "தம்பி, நாங்கள் அம்மனுக்குப் பொங்கப் போறமோ, லொறிக்குப் பொங்கப் போறமோ?"

"கடல் தண்ணியில விளக்கெரிக்கிற அம்மனெல்லே, மாமி," என்றது ஓர் இளம் குரல். "டீசலிலயும் எரிச்சுக் காட்டுவா எண்டு அண்ணைக்குப் பயம்!"

லொறியே குலுங்கிச் சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, என்னத்தைத்தான் பாக்கிறியள்? எனக்கும் காட்டுங்கோ."

பலகையைத் தூக்கிப் பிடித்தேன். மகளை இடுப்பில் அணைத்தபடி குனிந்து மெழுகைத் தொட்டாள்.

"சுடேல்லையே. ரேகைகூட அழியாமல் கிடக்கு. ஆரின்ர விரல் இது?"

"மெக்கானிக்கின்ர."

"அந்த மனுசன் தன்ர விரலை வைச்சு விட்டிருக்குது. நீங்கள் இன்னும் காலை வைக்கப் பயப்பிடுறியள். எடுங்கோ லொறியை."

கோயிலடியில் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினேன். மனைவி நேர்த்தியை முடித்தாள். திரும்பி வரும்போது ஓரிடத்தில்தான் நிறுத்தினேன். அதுவும் தேத்தண்ணிக்கு என்று சொல்லித்தான்.