லேசான வேலைக்கு ஓட்டு

போன வாரம் என் பெரியம்மா கேட்ட ஒரே ஒரு கேள்வி, பன்னிரண்டு இதய டாக்டர்களை முக்கால் மணி நேரம் திணற வைத்துவிட்டது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இதயத் துடிப்பு தாறுமாறானால் என்ன சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் ஆவணங்களை ஒரு மருத்துவர் சங்கம் தயாரிக்கிறது. நான் டாக்டர் இல்லை, பயோமெடிக்கல் படித்தவள். ஆரணியில் வீட்டில் இருந்தபடி அவற்றை எழுதும் டாக்டர் குழுவின் பட்டியல்களைப் பார்த்துக்கொள்கிறேன். எந்த மருந்து, கருவிக் கம்பெனியோடு எந்த டாக்டருக்குத் தொடர்பு, அதனால் எந்த ஓட்டெடுப்பில் அவர் ஒதுங்க வேண்டும், எந்த வரிக்கு என்ன ஆதாரம்... எல்லாம் என் லேப்டாப்பில்.

ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஓட்டு உண்டு. ‘செய்ய வேண்டும்’ என்பதா, ‘செய்யலாம்’ என்பதா — இதற்கே மூன்று கூட்டம் போகும். எங்கள் தெருவில் கல்யாணத்தையே அதைவிடச் சீக்கிரம் பேசி முடித்துவிடுவார்கள்!

இந்த முறை பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்களுக்கான கையேடு. வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டிருந்தோம். அதே நேரம் பெரியம்மாவுக்கும் இடது மார்பில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ‘படிச்சுப் பாருங்க பெரியம்மா’ என்று ஒரு பிரதியை நீட்டினேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

பெரியம்மா பட்டு நெய்பவர். சொந்த மகளின் கல்யாணச் சேலை தறியில் பாதியில் நிற்கிறது. வேறு ஆளை உட்காரவைக்க முடியாது. கை மாறினால் சேலையில் தெரிந்துவிடும்.

தையல் பிரித்த மறுநாள் போய்ப் பார்த்தால், தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார்.

“இன்னா பண்ணிகினு இருக்கீங்க பெரியம்மா?”

“நீ குடுத்த பேப்பர்லதான் போட்டுகீது... ‘உட்கார்ந்து செய்யும் லேசான வேலைகளை உடனே தொடங்கலாம்’னு. நான் இன்னா நின்னுகினா நெய்யுறேன்?”

குழுவில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறிய வரி அது! ஆனால் தறியில் வலது கை கயிற்றை இழுத்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டும். இடது கை பலகையை ஓயாமல் ஆட்டி நூலை நெருக்கும். பேஸ்மேக்கரிலிருந்து போகும் புது ஒயர் இதயத்தில் நன்றாகப் பிடிக்கும்வரை அந்தப் பக்கத் தோளுக்கு வேலை கொடுக்கக்கூடாது. ஒயர் நகர்ந்தால்? மறுபடி ஆபரேஷன்.

கையைப் பிடித்து எழுப்பினேன் — வலது கையை.

“சும்மா பேஜார் பண்ணாத. இத எழுதுன டாக்டருங்க தறியப் பார்த்துகீறாங்களா?”

நியாயமான கேள்விதானே? கருத்துப் பட்டியலில் சேர்த்தேன். ‘கேட்டவர் என் உறவினர்’ என்றும் அறிவித்தேன். தொடர்பை அறிவிக்கும் விதி எனக்கும் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா நெய்வதை வீடியோ எடுத்து இணைத்தேன்.

கூட்டத்தில் வீடியோ ஓடியது. “ஆபீஸ் வேலை மாதிரிதானேம்மா?” என்று ஆரம்பித்த தலைவர், திரைக்கு அருகே குனிந்து பார்த்தார்.

“இவங்க இடது கை எப்பம்மா நிக்கும்?”

“சாப்பிடும்போது சார்.”

உடனே செய்யக்கூடாத வேலை என்று நெசவைச் சேர்க்கலாம் என்றார் ஒருவர். அப்படியானால் தையல்? பூக்கட்டுவது? மாவு பிசைவது? பட்டியல் என்றால் எனக்கு உயிர்... எனக்கே அலுத்துவிட்டது. கடைசியில் ஒரே வரியாக முடித்தார்கள்: ‘வேலைக்குத் திரும்பும் முன், அந்த வேலையில் உங்கள் கைகள் என்ன செய்கின்றன என்று டாக்டரிடம் காட்டுங்கள்.’ ஆதாரம் என்ற கட்டத்தில் ‘நிபுணர் கருத்து’ என்று நிரப்பினேன். எந்த நிபுணர் என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.

கையேடு அச்சாக நாளாகும். அதுவரை காத்திருக்க முடியுமா? மறுநாளே பெரியம்மாவை அவருடைய டாக்டரிடம் அழைத்துப் போனேன். “இதுதான் என் இடது கைன்னு வச்சிக்கோங்க சார்” என்று வலது கையை ஆட்டிக் காட்டினார் பெரியம்மா.

டாக்டர் பதறிவிட்டார். இன்னும் ஒரு மாதம் தறிப் பக்கமே போகக்கூடாது என்றார். கல்யாணம் தை மாதம்தான். ஒரு மாதம் கழித்து உட்கார்ந்தாலும் அதற்குள் சேலை முடிந்துவிடும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகே பெரியம்மா சம்மதித்தார்.

“இதப் போய் லேசான வேலைன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?” என்றார் டாக்டர்.

நான் வாய் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார். “உங்க ஆளுங்கதான் சார்... ஓட்டு போட்டு!”