இரண்டு பேருக்கு இவ்வளவு மளிகையா?

மளிகைப் பொட்டலத்தைப் பிரித்தால் சீரகமும் மண்ணெண்ணெயும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். இரண்டையும் ஒரே கடையில் ஒரே கையால் அளந்து கொடுத்த காலம்...

அறுபதுகளின் நடுவில் எனக்கு அறந்தாங்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. வயது இருபத்திரண்டு. ஒரு வயதான தம்பதியின் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். சாப்பாடும் அவர்களோடுதான்.

அவரை ஊரில் எல்லோரும் குமாஸ்தா ஐயா என்பார்கள். புதுக்கோட்டை சமஸ்தானக் கச்சேரியில் நகல் எழுதியவர். சமஸ்தானம் இணைந்த பிறகு சர்க்கார் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனார். ஒரு எழுத்துகூட மாற்றாமல் நகல் எடுப்பதில் அவருக்குப் பெருமை. சின்ன பென்ஷன். ஒரே மகன் திருச்சியில் ஃபிட்டர். மாதம் முப்பது ரூபாய் மணியார்டர் அனுப்புவார். ஐயா பதிலுக்கு அந்த மாத மளிகைக் கணக்கை ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பிவிடுவார். மகன் கேட்டதில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

ஐயாவுக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு அந்தக் கடிதங்களை நான்தான் எழுதினேன். அரிசி, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், காப்பிப்பொடி... என் சாப்பாட்டுப் பங்கைக் கழித்துவிட்டு, அவர்கள் இரண்டு பேருக்கானதை மட்டும் அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன்.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்குச் சம்பளத்துக்கான சர்க்கார் கிராண்ட் வரவில்லை. மூன்று மாதம் சம்பளமே இல்லை. சாப்பாட்டுக்கு என்று பேசியிருந்த பணத்தை என்னால் கொடுக்க முடியவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு ஐயாவின் மனைவி மீனாட்சியம்மாவிடம் போய் நின்றேன்.

"வந்தா குடு ஆத்தா. நீ எங்க ஓடியா போகப் போற? ஒக்காரு, சோறு ஆறுது."

உட்கார்ந்தேன். தட்டில் போட்டதைச் சாப்பிட்டேன். கழிக்க என் பங்குப் பணம் இல்லாமல் கடிதத்தில் அரிசி நாலு படி கூடியதையும் என் கையாலேயே எழுதினேன்... அது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு சாயங்காலம் மகனிடமிருந்து கடிதம் வந்தது. வழக்கம்போல் உரக்கப் படித்தேன். நலம் விசாரிப்பு, குழந்தைகளுக்குக் காய்ச்சல், அதற்கப்புறம் இப்படி இருந்தது. 'இரண்டு பேருக்கு மாதம் நாற்பத்தெட்டு ரூபாய்க்கு மளிகையா? முன்பு முப்பத்திரண்டில் முடிந்ததே. அம்மா யாருக்காவது எடுத்துக் கொடுக்கிறாளா?'

படிப்பதை நிறுத்தினேன்.

"நிறுத்தாதீங்க டீச்சர், படிங்க" என்றார் ஐயா.

மீனாட்சியம்மா முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

முடித்ததும் ஐயா ஒரு இன்லேண்ட் லெட்டரை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு, "எழுதிக்கங்க. ஒங்கம்மாவுக்கு இப்பல்லாம் நல்லாப் பசி எடுக்குது. அடக்கக் கூடாதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு."

"ஏங்க, எம் பேர்ல ஏன் எழுதுறீங்க? ஒங்க பேர்ல எழுதச் சொல்லுங்க."

"நான் திங்கிற அளவு அவனுக்குத் தெரியும். நம்ப மாட்டான்."

நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். ஐயா வாழ்நாளில் எழுத வைத்த முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

தபால் பெட்டி வரைக்கும் போனேன். போட மனம் வரவில்லை. இன்லேண்ட் லெட்டரின் அடியில் இடம் இருந்தது. 'மூன்றாவது ஆளாகச் சாப்பிடுவது நான். எனக்கு மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. வந்ததும் கொடுத்துவிடுவேன். இப்படிக்கு, கடிதம் எழுதும் டீச்சர்.' ஒட்டிப் போட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனே வந்து இறங்கினார். நான் நினைத்து வைத்திருந்த ஆள் இல்லை. ஒல்லி. சட்டைக் காலர் நைந்து போய் இருந்தது. நாங்கள் சேர்ந்துதான் சாப்பிட்டோம். மளிகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மீனாட்சியம்மாவுக்குச் சந்தோஷம்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"டீச்சர், எனக்கு எங்கம்மா மேல சந்தேகம் இல்லைங்க. நாலு புள்ளைங்க. இந்த முப்பது ரூபா அனுப்புறதுக்காக நான் மத்தியானச் சோத்த விட்டு ஒரு வருஷம் ஆச்சு. அங்கிட்டுப் பசியோட ஒக்காந்து அந்தக் கணக்கப் பாத்தேனா, கோவம் வந்துருச்சு. நீங்க சங்கடப்படாதீங்க. அப்பாகிட்ட மட்டும் இதச் சொல்லிராதீங்க."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் போன பிறகும் வாசலிலேயே நின்றேன். நான் யாருடைய சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த மாதம் சம்பளம் வந்தது. பாக்கியைக் கொடுத்துவிட்டு, இன்னொரு டீச்சரோடு சேர்ந்து தங்கி நாங்களே சமைத்துக்கொள்கிறோம் என்றேன்.

மீனாட்சியம்மா முகம் விழுந்துவிட்டது. "என்ன ஆத்தா கொறை வச்சேன்? எங் கொழம்பு பிடிக்கலையா?"

"ஸ்கூலுக்குப் பக்கம்மா" என்றேன். அதுவும் பொய். உண்மையைச் சொல்லவும் வழியில்லை, சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. கடைசி வரைக்கும் தன் சமையலில்தான் ஏதோ குறை என்று நினைத்திருப்பார்... இத்தனை வருஷத்தில் எனக்கு ஆறாதது அது ஒன்றுதான்.

இப்போது நானும் என் வீட்டுக்காரரும் ரிட்டயர் ஆன இரண்டு பேர். எண்பதைத் தாண்டியாயிற்று. சென்னையில் இருந்தபடி மகள் ஃபோனில் ஆர்டர் போடுகிறாள், மளிகை வீட்டு வாசலில் இறங்குகிறது. பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். பையைத் தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை. சர்க்கரை அரைக் கிலோ இரண்டு மாதத்துக்கு வருகிறது. மிச்சப் பணமெல்லாம் மருந்துக் கடைக்குப் போகிறது.

எங்கள் மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறாள். பேங்க் வேலை, தனியாக. போன ஞாயிற்றுக்கிழமை சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் கொஞ்சம் கூடுதலாக வைத்து, படியேற முடியாமல் கீழே நின்றே கூப்பிட்டேன்.

"சாப்பிட வாரியாம்மா?"

"ஆர்டர் பண்ணிட்டேன் ஆன்ட்டி, தேங்க்ஸ்!"

நல்லதுதான். யார் வயிற்றையும் குறைக்காமல் அவள் பாட்டுக்குச் சாப்பிடுகிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். நாங்கள் இரண்டு பேர் அதைத் தீர்க்க இரண்டு நாள் ஆயிற்று.