துரைக்கு முன்னால் ஒரு வாய்

யுத்த காலத்தில் நான் திருத்தணி பயணியர் பங்களாவில் சமையல்காரன். அரக்கோணத்து ரயில்வே துரைக்கு விருந்து வைத்த புதுச்சேரி இஞ்சினீயர், பிரெஞ்சு சிவப்பு ஒயினுக்கு ஆட்டுக்கறிக் குழம்புதான் பொருந்தும் என்று செய்யச் சொன்னார்.

பாட்டிலைத் திறந்ததும், துரைக்கு ஊற்றும் முன்னால் இஞ்சினீயரே ஒரு வாய் குடித்தார்.

"விருந்தாளிக்கு முன்னாடி நீங்க குடிக்கலாமாங்க?" என்று காதோரம் கேட்டேன்.

"கெட்டுப்போயிருந்தா என் வாயோட போவட்டும்னுதான்."

குழம்பைப் பரிமாறினேன். ஒரு கவளம் தின்ற துரை தண்ணீர் கேட்டார்.

"உப்பு பாத்தியா?" என்றார் இஞ்சினீயர்.

"சாமிக்குப் படைக்கிறாப்பலதாங்க விருந்தாளிக்கும். சமைக்கிறவங்க வாயில வெக்க மாட்டோம்."

எங்களில் யார் விருந்தாளியை மதித்தது என்ற குழப்பம் இன்றும் எனக்குத் தீரவில்லை. விருந்தாளி எங்கள் இருவரையும் மதித்தார். அந்த உப்புக் குழம்பை மிச்சம் வைக்காமல் தின்றார்.