அத்தானுக்கு வைத்த சோறு

அத்தான் காலமான பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் அக்கா சோறு வைத்தாள். ரண்டர்ஸ் என்ற டேனிஷ் நகருக்கு வெளியே, ஈரப் புல்வெளியை ஒட்டிய எங்கள் வீட்டின் பின்வளவில், வெள்ளைத் தட்டில். சோறு, பருப்பு, பாவற்காய்ப் பொரியல். கா, கா என்று கூப்பிடுவாள். இந்த ஊர்க் காகங்கள் பாதிச் சாம்பல். மரத்தில் இருந்தபடியே தலையைச் சாய்த்துப் பார்க்கும், இறங்காது. விடிந்து பார்த்தால் தட்டு துடைத்து வைத்ததுபோல் இருக்கும்.

"பாத்தியே, அவர் வந்திட்டுப் போட்டார். பாவக்காயும் மிச்சமில்லை. உயிரோட இருக்கேக்க தொட்டும் பாக்காத மனுசன்!"

பிறகு அமாவாசை வரை காத்திருக்க அவளுக்குப் பொறுக்கவில்லை. தினமும் வைத்தாள். நான் தடுக்கவில்லை. மாரிக் குளிர் முழுவதும் வாய் திறவாமல் கிடந்தவள், தட்டைக் கழுவும்போது அத்தானோடு கதைக்கத் தொடங்கியிருந்தாள்.

அந்த வசந்தத்தில் புல்வெளி ஊமையாகிவிட்டது. ஆட்காட்டிக் குருவிகள் அங்கே தரையில்தான் முட்டையிடும், யார் நடந்தாலும் தலைக்கு மேலே வந்து கத்தித் துரத்தும். அந்த வருடம் நடுவெளி வரைக்கும் நடந்தேன். எதுவும் கத்தவில்லை. என் சப்பாத்தின் நனைந்த சத்தம் மட்டும், பின்னால் யாரோ வருவதுபோல.

பக்கத்துக் காணிக்காரர் வேட்டைக்காரர். ஒருநாள் வந்து போனை நீட்டினார். மரத்தில் கட்டிய கமெராவில் விழுந்த படம். எங்கள் வளவு, எங்கள் தட்டு. அதன் முன்னால் குள்ளமாய், முகத்தில் கரி பூசியதுபோல ஒன்று. நாயுமில்லை, நரியுமில்லை. கண்கள் இரண்டு வெள்ளைத் துளைகள்.

ரக்கூன் நாய் என்றார். கிழக்காசிய மிருகம். தோலுக்காக யாரோ மேற்கே கொண்டுவந்து விட்டது, பெருகிப் பெருகி ஜெர்மனி வழியாக இங்கு வந்துவிட்டது. முட்டைகளைத் தின்பது இதுதான். "இது இந்த நாட்டுக்கு உரியதில்லை" என்று டேனிஷில் சொன்னவர், எங்கள் முகங்களைப் பார்த்ததும் காது சிவந்து நிறுத்தினார். கூண்டுப் பொறி வைக்கப் போகிறாராம். அது நம்பி வருவது இந்தச் சோற்றுக்குத்தான். கொஞ்சம் தர முடியுமா?

அவர் போன பின்னும் அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அக்கா, அது அத்தான் இல்லை."

"எனக்குத் தெரியாதே? விசரியெண்டு நினைச்சியோ?" என்றாள். "ஆனா நான் கூப்பிடக் கூப்பிட வந்தது அதுதானே, தம்பி."

மறுநாள் தானே காணிக்காரரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "ஆட்காட்டி ஒரு சோடிதான் மிஞ்சியிருக்காம். வாய்க்கால் ஓரத்தில அடைகாக்குதாம்." உலையை வைத்தாள்.

தட்டைக் கூண்டுக்குள் அவளே வைத்தாள். கம்பிகளோடு முகத்தை ஒட்டி, மெதுவாக, "இண்டைக்கு மட்டும் வராதையுங்கோ" என்றாள்.

பொழுது சாயும்போது கூண்டின் இரும்புக் கதவு விழுந்தது. போய்ப் பார்த்தோம். அது மோதவில்லை, உறுமவில்லை. எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குனிந்து தின்னத் தொடங்கியது.

காணிக்காரருக்குச் சொல்லப் போனை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"பொறு. சாப்பிட்டு முடிக்கட்டும்."