கணக்குப் பார்க்கும் வளையம்

என் மனைவியை நான் வளையக்காரி என்றுதான் கூப்பிடுவேன். மின்கருவிகள் செய்யும் ஆலையில், உலோக வளையங்களின் மேல் செம்புக் கம்பி சுற்றிச் சோதிப்பது அவள் வேலை. மின்சாரம் போகும் கம்பியும் திரும்பி வரும் கம்பியும் அந்த வளையத்துக்குள் சேர்ந்தே நுழையும். போனதெல்லாம் திரும்பி வந்தால் மீட்டர் முள் அசையாது. துளி கசிந்தாலும் முள் எழும். பிரேக்கரில் இருக்கும் வளையமென்றால் கரண்டையே வெட்டிவிடும்.

"நாள் முழுக்க பூஜ்யத்தைப் பாக்கறதுக்கு ஒரு சம்பளமா?" என்று சீண்டுவேன்.

"அசையாம இருக்கறதுதாங்க அதிசயம்," என்பாள்.

கம்பியைத் தொடாமலே ஒரு வளையம் கணக்குப் பார்க்குமாம்! பேருந்து ஓட்டுகிற என் காதில் பூச்சுற்றுகிறாள் என்றே நினைத்தேன்.

அவள் தம்பி சலவைக்கூடம் நடத்துகிறான். அங்கே பிரேக்கர் அடிக்கடி விழுந்து கரண்ட் போய், பாதி துவைத்த துணியோடு மிஷின் நின்றுவிடும். "உன் வளையம் என் பொழப்புல மண்ணள்ளிப் போடுதுக்கா," என்று புலம்புவான். மிஷினைப் பிரித்துப் பார்க்கச் சொன்னால் மட்டும் காதில் ஏறாது. ஒரு நாள் காலை உற்சாகமாகப் போன் செய்தான்.

"பிரச்சனை தீர்ந்துதுக்கா. பிரேக்கரைக் கழட்டிட்டு டைரக்டா கரண்ட் கொடுத்துட்டேன்."

"மெயினை அணைடா! மிஷினை யாரும் தொடாதீங்க!" என்று கத்தினாள். மிஷின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை போலும், வைத்துவிட்டான். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. அவள் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறினாள்.

நாங்கள் நுழைந்தபோது தம்பி மனைவி ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று மிஷின் கதவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். "தொடாதே!" என்று என் மனைவி போட்ட சத்தத்தில் துணிக்கூடை கீழே விழுந்தது. என் மனைவி ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

மிஷினுக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் தன் சோதனை வளையத்துக்குள் நுழைத்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சுவிட்சைப் போட்டாள். முள் பூஜ்யத்திலேயே நின்றது.

"ஒண்ணுமே இல்லயேக்கா. இதுக்கா இந்த அமர்க்களம்?" என்றான் தம்பி.

அவள் மறுபடி அணைத்தாள். ஒரு சின்ன பல்பின் ஒரு முனையை மிஷின் உடம்பிலும் மறுமுனையைத் தண்ணீர்க்குழாயிலும் மாட்டினாள். சுவிட்சைப் போட்டதும் பல்பு எரிந்தது. முள் துள்ளி எழுந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. எதையும் தொடாத அந்த வளையம், பாதை மாறிப்போன அந்தத் துளியைக் கண்டுபிடித்துவிட்டதே!

"வெளியேற வழி கிடைச்சாதான் கசியும். அந்த பல்பு இருக்கற இடத்துலதான்டா தினம் உன் பொண்டாட்டி நிக்கறா."

தம்பி மனைவி தன் விரல்களைப் பார்த்தாள். "தொட்டா சில நேரம் சுருக்குனு இருக்கும் அண்ணி. உடனே கரண்ட் போயிடும். மிஷினுக்கு உன் மேல ஆசைன்னு இவரு கேலி பண்ணுவாரு."

"அப்போ பிரேக்கர் விழுந்த ஒவ்வொரு தடவையும் இவளைக் காப்பாத்தியிருக்கு..." என்றான் தம்பி.

குப்பைக்கூடையிலிருந்து பிரேக்கரை எடுத்தான். சட்டையில் துடைத்து, இரண்டு கைகளாலும் அக்காவிடம் நீட்டினான்.