கேமிங் கம்ப்யூட்டருக்கு ஒரு மூட்டை உப்பு

“இது குக்கர் இல்லம்மா, மூடியைத் திருப்பி மாட்டுறதுக்கு. ஏதாவது எரிஞ்சுபோச்சுன்னா எங்க கடைக்கு வந்து நிக்கக் கூடாது.”

பாண்டிச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் என்னிடம் சொன்னது. சொல்லிவிட்டு, கூட வந்திருந்த அம்மாவின் காலை ஒரு பார்வை பார்த்தார். உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக நின்ற கால் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். “மரக்காணமா?” என்று சரியாகக் கேட்டார்.

ஆமாம், மரக்காணம்தான். அதனால் என்ன?

அந்தக் கடைக்கு நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் கேம் தயாரிக்கும் சின்ன நிறுவனம் ஒன்று. கேமில் வரும் தெரு, காடு, மலை, வானம் எல்லாவற்றையும் உருவாக்க ஆள் தேடினார்கள். வீட்டில் இருந்தே செய்யலாம். விண்ணப்பம் போட்டேன். ‘பத்து நாளில் ஒரு காட்சி செய்து அனுப்புங்கள். விளையாடுகிறவர் அதற்குள் நடந்து திரிய முடிய வேண்டும்’ என்று பதில் வந்தது.

என்னிடம் இருந்தது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப். கேம் செய்யும் சாஃப்ட்வேரை அதில் திறந்துவிட்டு, டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். வந்து பார்த்தால் அது தானாகவே மூடிக்கொண்டிருக்கும்.

ஆக, ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும். கையில் இருந்ததோ இ-சேவை மையத்தில் டைப் அடித்துச் சேர்த்த பணம், அதோடு இந்தப் பத்திக்கு வந்த சன்மானம். என் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன பாகம் உங்களுடையது... அது எந்த பாகம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கடைக்காரர் காட்டிய ரெடிமேட் கம்ப்யூட்டர் பார்க்க அம்சமாக இருந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே நாலு ஃபேன், ஒவ்வொன்றிலும் கலர் கலராக லைட். அம்மா அசந்துபோய், “சாமி ஊர்வலம் மாதிரி இருக்குதுடி” என்றாள்.

நான் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். கேமை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு ரொம்ப வருஷத்துக்கு முந்தையது. சரி, எல்லா பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை எந்த கம்பெனி? “அதெல்லாம் நல்லதுதாம்மா” என்றார். நல்லது என்ற பெயரில் எந்த கம்பெனியும் கிடையாதே!

நியாயமாகவும் பேச வேண்டும். ரெடிமேட் வாங்கினால் ஒரே பில், ஒரே வாரண்டி. கெட்டுப்போனால் ஒரே இடத்தில் போய் நிற்கலாம். தனித்தனியாக வாங்கி நாமே மாட்டினால் அதே காசுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு கிடைக்கும், ஆனால் தப்பு நடந்தால் கை காட்ட ஆள் கிடையாது. நான்தான், என் ஸ்க்ரூ டிரைவர்தான்.

“தனித்தனியாவே கொடுங்க” என்றேன். குக்கர் வசனம் வந்தது அப்போதுதான்.

பவர் சப்ளை விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது. ஆன்லைனில் படித்துக் குறித்து வைத்த மாடல் ஒன்று. அதைவிட விலை குறைவாக, டப்பாவில் அதே வாட்ஸ் போட்டு, கடைக்காரர் எடுத்து வைத்தது இன்னொன்று. நான் இரண்டு டப்பாவையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா படிக்கவில்லை. இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கினாள். கூடையைத் தூக்கும்போதே ஈர உப்பா, காய்ந்த உப்பா என்று சொல்லுகிற கை அது.

“இதுல இன்னா இருக்குது? வெறும் டப்பா.” கடைக்காரர் எடுத்து வைத்ததைக் கீழே வைத்துவிட்டாள். “இதான் கனமா இருக்குது.”

கனமாக இருந்தது என் பேப்பரில் இருந்த மாடல். விலை குறைந்த பவர் சப்ளையில் உள்ளே இருக்க வேண்டிய பல சாமான்களைக் குறைத்துவிடுவார்கள், அதனால் எடை குறையும். நான் மூன்று மணி நேரம் படித்துத் தெரிந்துகொண்டதை அம்மா மூன்று நொடியில் முடித்துவிட்டாள். கடைக்காரர் அதையே பில்லில் சேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நடுவீட்டில் பாயை விரித்து உட்கார்ந்தேன். முதலில் பிராசஸரை வைத்தேன். பிறகு ரேம், ஃபேன், பவர் சப்ளை, கடைசியாக கிராபிக்ஸ் கார்டு. அப்பா அன்றைக்கு உப்பளத்து வேலைக்குப் போகவில்லை, டார்ச் பிடித்தார். நான் வாயில் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டால், “முழுங்கிடப் போற” என்பார்.

மதியம் ஸ்விட்சைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது. திரையில் எழுத்து வந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலேஜ் அப்ளிகேஷனில் ‘தந்தையின் கல்வித் தகுதி’ என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போன கை இது. அந்தக் கை மாட்டிய கம்ப்யூட்டர் முதல் தட்டிலேயே உயிர் வந்து நிற்கிறது. எப்படி இருந்திருக்கும் எனக்கு? பெருமையாக அதன் தலையில் கை வைத்தேன்.

சுர்ரென்று பிடித்தது.

ஷாக். பெரிதாக இல்லை, எறும்பு ஊர்கிற மாதிரி. மறுபடி தொட்டேன். மறுபடி சுர்ர்...

அவ்வளவுதான். என் பெருமை வந்த வழியே போய்விட்டது. எங்கேயோ தப்பாக மாட்டியிருக்கிறேன். ஏதோ ஒரு ஸ்க்ரூ போர்டில் படக் கூடாத இடத்தில் படுகிறது. எல்லாவற்றையும் கழற்றினேன். ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பார்த்தேன். திங்கட்கிழமை இ-சேவைக்கு லீவு சொல்லிவிட்டுத் திரும்ப மாட்டினேன். சுர்ர். செவ்வாய்க்கிழமை இரண்டாவது முறையாகக் கழற்றினேன். பத்து நாளில் நாலு நாள் கரைந்துவிட்டது. காட்சியில் ஒரு புல் கூட முளைக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். கடைக்காரர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதை உள்ளுக்குள் நானும் பாதி நம்பியிருக்கிறேன் போல. இல்லாவிட்டால், ஷாக் அடித்ததும் தப்பு என் கையில்தான் என்று அவ்வளவு சீக்கிரமாக ஏன் முடிவு செய்தேன்? போனில் கடை நம்பரை எடுத்துவிட்டேன். ‘நீங்களே மாட்டிக் கொடுத்துடுங்க சார்’ — இந்த ஒரு வாக்கியத்தைத்தான் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அப்போது மாவு அரைக்கப் போனாள்.

எங்கள் வீட்டு கிரைண்டர் பக்கத்தில் எப்போதும் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு கிடக்கும். அது யாருடைய செருப்பும் இல்லை, கிரைண்டர் செருப்பு. மாவு அரைக்கிறவர் அதைப் போட்டுக்கொண்டுதான் அரைக்க வேண்டும். வெறுங்காலோடு தொட்டால் பிடிக்கும். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இப்படி ஒரு ஜோடி உண்டு. எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து அது அங்கே கிடக்கிறது, நானே நூறு தடவை போட்டு அரைத்திருக்கிறேன்.

அம்மா அந்தச் செருப்புக்குள் காலை விட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

“கிரைண்டரு கூடத்தான் புடிக்குது. அதையும் நீயா மாட்டுன?”

ஆறுதலுக்குச் சொன்னாள். அவள் அதற்கு மேல் எதுவும் யோசித்திருக்க மாட்டாள். ஆனால் நான் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

டெஸ்டரை எடுத்து கிரைண்டரில் வைத்தேன், எரிந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தேன், அங்கேயும் எரிந்தது. அயர்ன் பாக்ஸ், அதுவும்தான். மெயினை ஆஃப் செய்துவிட்டு சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டைக் கழற்றினேன். மூன்று ஓட்டை இருக்கிறது இல்லையா? மேலே பெரிதாக இருக்கும் ஓட்டைக்குப் பின்னால் பச்சை வயர் ஒன்று வந்திருக்க வேண்டும், எந்த மெஷினிலும் கொஞ்சம் கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் வயர். அங்கே வயரே இல்லை. அரசாங்கம் இந்தத் தொகுப்பு வீட்டைக் கட்டிக் கொடுத்த காலத்தில் இருந்து இல்லை!

பாயில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அம்மா பயந்துபோய், “ரொம்ப புடிச்சிடுச்சா?” என்று கேட்டாள்.

பக்கத்து ஊர் பிரம்மதேசத்தில் இருந்து எலக்ட்ரீஷியன் ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டோம். அப்பாதான் போன் பேசினார். எர்த் போட ஆழமாகக் குழி வெட்ட வேண்டும், செம்புக் கம்பியும், கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் ஆகிற டிரிப்பரும் தானே வாங்கி வருவதாக ஏழுமலை அண்ணன் சொன்னார். கரண்ட் மண்ணில் சுலபமாக இறங்கக் குழியில் கொட்டுகிற அடுப்புக்கரியும் ஒரு மூட்டை உப்பும் மட்டும் நாங்கள் வாங்கி வைக்க வேண்டுமாம்.

அப்பா போனைக் காதில் இருந்து எடுத்து அதையே ஒரு நிமிஷம் பார்த்தார்.

“உப்பா? எந்த ஊரு ஆளுகிட்ட கேக்குறன்னு தெரியுமா உனக்கு?”

மறுநாள் ஏழுமலை அண்ணன் வந்தார். அப்பா வாரிய உப்பை அப்பாவே குழியில் கொட்டினார். ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு, மேலே தண்ணீர். ஏழுமலை அண்ணன் வேலையைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னார். எத்தனையோ ஊர் எர்த் குழிக்கு இங்கே இருந்து உப்பு போகிறதாம். இந்தத் தெருவில் குழி வெட்டுவது அவருக்கு இதுதான் முதல் தடவையாம்.

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். இன்னொரு கூடை உப்பு கொட்டினார், தேவைக்கு மேலேயே.

வயர் இழுத்து முடித்ததும் கம்ப்யூட்டரைத் திரும்ப மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். டெஸ்டர் எரியவில்லை. டெஸ்டரை நம்பலாமா? செருப்பைக் கழற்றினேன். சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று புறங்கையை கேபினெட்டில் வைத்தேன்.

ஒன்றும் இல்லை. சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

அதாவது, நான் மாட்டியது முதல் நாளே சரி. ஒரு ஸ்க்ரூ கூடத் தப்பு இல்லை.

அம்மா என்னைத் தாண்டி கிரைண்டரிடம் போனாள். நீலச் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு விரலால் தொட்டாள். பிறகு உள்ளங்கையை முழுசாக வைத்தாள். “இத்தினி வருஷமா...” என்றாள். அன்றைக்கு மாவு அரைக்க வேண்டிய அவசியமே கிடையாது. ஆனாலும் அரிசி ஊற வைத்துவிட்டாள்.

யோசித்துப் பாருங்கள். நான் ரெடிமேட் வாங்கியிருந்தாலும் எங்கள் வீட்டில் ஷாக் அடித்திருக்கும். அப்போது என்ன செய்திருப்பேன்? பஸ்ஸில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருப்பேன். கடையில் எர்த் இருக்கும், அங்கே அடித்திருக்காது. ‘நல்லாத்தானே இருக்குது’ என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டருக்கும் ஒரு ஜோடி செருப்பு வாங்கிப் போட்டிருப்பேன்.

வாங்கின பொருளில் கோளாறு வந்தால் அதைக் கடைக்காரர் தலையில் போட்டுவிடலாம். நாமே செய்த பொருள் அப்படி விடாது. போர்டில் இருந்து வயருக்கு, வயரில் இருந்து சுவருக்கு, சுவரில் இருந்து மண்ணுக்கு... கோளாறு எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அது வரைக்கும் நம்மை இழுத்துக்கொண்டு போகும். செலவு குறைகிறது என்பதற்காக ஆரம்பித்தேன். இப்போது யாராவது கேட்டால் நான் சொல்லும் காரணம் இதுதான்.

மிச்சம் இருந்த நாட்களில் காட்சியை முடித்தேன். எந்தக் காட்சி என்று நினைக்கிறீர்கள்? உப்பளம்தான். வெயில், பாத்தியில் வானம், வெள்ளை வெள்ளையாகக் குவியல். அப்பா திரையைப் பார்த்து ஒரே ஒரு குறை சொன்னார். “வரப்பு இவ்ளோ நேரா இருக்காதும்மா.” கோணலாக்கி அனுப்பினேன். நேர்காணலில், கேம் டிசைனர் ஒருவர் அந்த வெள்ளைக் குவியல் என்ன, பனியா என்று கேட்டார். எங்கள் ஊர் என்று சொன்னேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது.

போன வாரம் கூனிமேட்டில் இருந்து ஷபானா என்று ஒரு வாசகி போன் செய்தாள். கல்லூரி மாணவி. “அக்கா, கேமிங் கம்ப்யூட்டர் ரெடிமேடா வாங்கலாமா, இல்ல நானே மாட்டலாமா? வீட்ல ஒருத்தருக்கும் நம்பிக்கை இல்ல” என்றாள். வாப்பா ரெடிமேட்தான் சரி என்கிறாராம்.

உங்கள் வீட்டு கிரைண்டர் பிடிக்குமா என்று கேட்டேன்.

“அது எல்லார் வீட்லயும் புடிக்குமேக்கா.”

ஷபானாவோடு கடைக்குப் போய்ப் பவர் சப்ளை தூக்கிப் பார்க்க, வரும் சனிக்கிழமைக்கு அம்மா உப்பளத்தில் லீவு சொல்லிவிட்டாள்.

கூனிமேட்டுக்கு ஒரு மூட்டை உப்பு நேற்றே போய்ச் சேர்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் பின்னால் வரும்.