மூச்சு வாங்கிய இஞ்சின்

எங்கள் ஊருக்குக் கரண்டு வராத காலம் அது. கல்லாவிப் பக்கத்தில் கிணற்றுக்கு இஞ்சின் வைத்திருந்த வீடுகள் கொஞ்சம்தான். அதில் எங்கள் வீடும் ஒன்று. அதை இன்றும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் சீமெண்ணெய்க்கு மாற்றுகிற சின்ன இஞ்சின். கிணற்றுக்குள்ளேயே திட்டு வெட்டி அதில் உட்கார்த்தியிருந்தோம்.

என் வீட்டுக்காரர் இளைப்பு நோயில் போய், காரியமெல்லாம் முடிந்தபின் கொழுந்தனார் அதைக் கிளப்பினார். முழு வேகத்தில் நன்றாகத்தான் ஓடியது. ஒரு பாத்தி நிறைந்து அடுத்த பாத்திக்கு மடை மாற்றும்போது வேகத்தைக் குறைப்போம். அங்கேதான் வந்தது வினை. சீராக நிற்காமல் ஏறும், இறங்கும். நின்றுவிடும்போல இழுக்கும், திடுமென்று மறுபடி ஏறும். கிணற்றுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் மேலே வந்தபோது மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கடைசி மாதம் முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவர் மூச்சு வாங்கினாரே, அதே இழுப்பு.

எனக்கு மட்டும்தான் அப்படிக் கேட்கிறது என்று நினைத்தேன். மாமியாரும் கேட்டுவிட்டார்.

"அடியே, எம் மவன் மூச்சுடி அது."

மறுநாளிலிருந்து இஞ்சின் ஓடும்போதெல்லாம் கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்துகொள்வார். அது இழுத்தால் அவரும் மூச்சைப் பிடிப்பார். ஏறினால் விடுவார். சோறு இறங்கவில்லை, ஆளே காய்ந்துகொண்டு வந்தார். சில வேளை இழுத்து இழுத்து நின்றே போகும். குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கு இறங்கிவிடும். குடங்குடமாய் ஊற்றி நிரப்பி மறுபடி கிளப்ப வேண்டும். அதற்குள் மாமியார், "போயிட்டானா? மறுக்காவும் போயிட்டானா?" என்று மாரில் அடித்துக்கொள்வார். ஒருத்தி ஒரு பிள்ளையை எத்தனை தரம் சாகக் கொடுப்பாள்?

கொழுந்தனாருக்கு உள்ளூரப் பயம்.

"காத்து கருப்பு புடிச்ச இஞ்சினு அண்ணி இது. கிருஷ்ணகிரியில வந்த வெலைக்குத் தள்ளிடலாம்."

"காத்துதான் புடிச்சிருக்கு. திருகாணி வழியா புடிச்சிருக்கு. அந்தத் திருப்புளிய எடு."

"பொம்பள தொட்டா இஞ்சினு ஓடுமா?"

"களி கிண்டுற கையிப்பா. தள்ளி நில்லு."

என் வீட்டுக்காரர் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். நன்றாகச் சூடேறும்வரை பொறுத்தேன். கார்புரேட்டரில் இரண்டு திருகாணி. வேகத்துக்கு உள்ளதை முதலில் கொஞ்சம் ஏற்றி, நின்றுவிடாமல் தாங்க வைத்தேன். பிறகு காற்றுக்கு உள்ளதை ஓர் இழை உள்ளே திருகி, கையை எடுத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். அவசரப்படக் கூடாது, நாம் செய்தது இஞ்சினுக்குப் போய்ச் சேர வேண்டும். இன்னும் ஓர் இழை. புகை கறுத்தது, கொஞ்சம் திரும்ப விட்டேன். இழுப்பு மெலிந்தது. ஆனால் போகவில்லை.

அங்கே என் கை நின்றது. ஒரு பொட்டு திருகினால் அந்த மூச்சு இல்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மேட்டிலிருந்து மாமியார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாண்டி," என்றார். சத்தம் வரவில்லை, வாய்தான் அசைந்தது.

திருகினேன். வேகத் திருகாணியையும் மெள்ளத் தளர்த்தினேன். கெட்டிப்பட்ட களி கொதிக்கிற மாதிரி இஞ்சின் ஒரே கதியில் அடங்கி நின்றது.

மாமியார் தலையைச் சாய்த்துக் கேட்டார். அடுத்த இழுப்புக்குக் காத்திருந்தார். வரவில்லை. மண்ணை வாரித் தூற்றப்போகிறார் என்று நான் அப்படியே நின்றேன். கொழுந்தனார் ஏதோ பேச வாயெடுத்தார். மாமியார் உதட்டில் விரலை வைத்தார்.

"கத்தாதடா. தூங்கிட்டான்."

அன்றைக்கு அவர் ஒரு உருண்டை களி முழுசாகத் தின்றார். அதன்பின் கிணற்று மேட்டுக்கு வரவில்லை. மிளகாய்ப் பாத்திகளுக்கு வருஷக்கணக்காய் நானே மடை மாற்றினேன், நானே இஞ்சினைக் கிளப்பினேன். நிறுத்துவது மட்டும் என்னால் ஆகவில்லை. கொழுந்தனாரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லிவிட்டு, அது அடங்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.